சிப்பிக்காளான் படுக்கைகள்: தாதுச்சத்துக் கணக்கில் எது தேறும், எது தேறாது

சிப்பிக்காளான் வளர்ப்பவர்கள் ஊடகத்தை, அதாவது காளான் வளரும் படுக்கைப் பொருளைத் தேர்ந்தெடுக்கும்போது பொதுவாக இரண்டு கேள்விகளைக் கேட்கிறார்கள். கைக்கு எட்டும் தூரத்தில் கிடைக்குமா? கிலோவுக்கு எவ்வளவு காளான் தரும்? மூன்றாவதாக ஒரு கேள்வி இருக்கிறது: அந்தக் காளானுக்குள் என்னென்ன தாதுக்கள், எவ்வளவு சேரும்? வைக்கோல், மரத்தூள், பருத்திக்கொட்டை உமி, மக்காச்சோளக் கதிர்க்கட்டை, கரும்புச் சக்கை, காபித்தூள் கழிவு, வாழை மட்டை, தென்னை நார்க்கழிவு, இவற்றோடு கலக்கும் தவிடு, சுண்ணாம்பு, ஜிப்சம் எல்லாவற்றையும் இந்த மூன்றாவது கேள்வியை வைத்து மட்டும் இங்கே மதிப்பிடுகிறோம்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். தாதுச்சத்து என்று பார்த்தால் முதலிடம் தவிடு சேர்த்து முறையாகக் கிருமி நீக்கிய மரத்தூளுக்கு. அடுத்து, ஆவியில் வேகவைத்த நெல் வைக்கோலும் பருத்திக்கொட்டை உமியும். தவிடு சேர்க்காத மரத்தூள் தேறவே தேறாது. இன்னொன்றும் உண்டு: எந்தப் பொருள் என்பதற்குச் சமமாக, அதை எப்படிப் பதப்படுத்தினீர்கள் என்பதும் முடிவைத் தீர்மானிக்கிறது. ஒரே வைக்கோலைச் சுடுநீரில் ஊறவைத்து நீரைக் கொட்டினால் ஒரு கணக்கு, ஆவியில் வைத்தால் வேறு கணக்கு.

காளானில் இருப்பது என்ன

பச்சைச் சிப்பிக்காளானில் ஏறத்தாழ 89 சதவீதம் நீர். அமெரிக்க வேளாண் துறையின் உணவுச்சத்துப் பட்டியல்படி 100 கிராம் பச்சைக் காளானில் பொட்டாசியம் 420 மில்லிகிராம், பாஸ்பரஸ் 120, மக்னீசியம் 18, சோடியம் 18, கால்சியம் வெறும் 3, இரும்பு 1.33, துத்தநாகம் 0.77, செம்பு 0.24, மாங்கனீஸ் 0.11 மில்லிகிராம், செலினியம் 2.6 மைக்ரோகிராம். இந்த எண்களை அளவுகோலாக வைத்துக்கொண்டால் மற்றவற்றை எடைபோடுவது எளிது.

ஊடகத்தை மாற்றினால் இந்த எண்கள் எல்லாமே ஒரே மாதிரி அசைவதில்லை. பொட்டாசியமும் பாஸ்பரஸும் காளானின் செல்கள் இயங்க அன்றாடம் தேவைப்படுபவை. அவற்றைக் காளான் தேடி எடுத்துத் தன்னிடம் சேர்த்துக்கொள்ளும். போதுமான அளவு எடுத்தபின் நிறுத்திக்கொள்ளும். ஊடகத்தில் பொட்டாசியத்தை இரு மடங்காக்கினால் காளானில் இரு மடங்காகாது. ஆனால் பற்றாக்குறை வந்தால் விளைவு தெரியும், அதுவும் முதலில் தராசில்தான் தெரியும். கொத்து சிறுக்கும், மூன்றாவது அறுவடை வராமலே போகும். ஆய்வக அறிக்கையில் எண் குறைவது அதற்குப் பிறகுதான்.

செலினியம், துத்தநாகம், காட்மியம் மூன்றும் வேறு ரகம். ஊடகத்தில் கூடினால் காளானிலும் கூடும். இதில் நன்மையும் உண்டு, ஆபத்தும் உண்டு.

கால்சியம் இவை இரண்டிலும் சேராது. ஊடகத்துக்குள் வேர்போலப் பரவும் சிப்பிக்காளானின் இழைகள் ஆக்சாலிக் அமிலத்தைச் சுரக்கின்றன. அது ஊடகத்திலுள்ள கால்சியத்தோடு சேர்ந்து கால்சியம் ஆக்சலேட் படிகங்களாக இழைகளின் மேலும் ஊடகத்திலும் தங்கிவிடுகிறது. காளானுக்குள் போவது சொற்பம். சுண்ணாம்பையும் ஜிப்சத்தையும் கொட்டிவிட்டு “எங்கள் காளானில் கால்சியம் அதிகம்” என்று உறையில் அச்சிடுவது வாங்குபவரை ஏமாற்றும் வேலை.

நெல் வைக்கோல்

மிகப் பரவலாகப் பயன்படும் ஊடகம் என்பதால் இதைச் சற்று விரிவாகப் பார்க்க வேண்டும்.

நெல் வைக்கோலை எரித்தால் 12 முதல் 20 சதவீதம் வரை சாம்பல் மிஞ்சும். தாவரக் கழிவுகளில் இது மிக அதிகம். எண்ணைப் பார்த்ததும் தாதுக்கள் நிறைந்த ஊடகம் என்று தோன்றும். ஆனால் அந்தச் சாம்பலில் பெரும்பகுதி சிலிக்கா. காளானுக்கு அதனால் பயனில்லை. மாங்கனீஸும் அப்படித்தான். நீர் தேங்கிய வயலில் மாங்கனீஸ் கரையும் வடிவத்துக்கு மாறுவதால் நெற்பயிர் அதை நிறைய உறிஞ்சுகிறது. வைக்கோலில் கிலோவுக்குப் பல நூறு மில்லிகிராம் இருக்கும். தாவரத்துக்கு உறுதி தரும் லிக்னினைச் சிதைக்கும் நொதிக்கு மாங்கனீஸ் வேண்டும் என்பதால் இழை பரவ அது உதவுகிறது. ஆனால் காளானுக்குள் ஏறுவது மிகக் குறைவு.

பயனுள்ளவை பொட்டாசியமும் பாஸ்பரஸும். 1 கிலோ காய்ந்த வைக்கோலுக்கு வரவு செலவு போட்டுப் பார்ப்போம். பொட்டாசியம் 1.5 சதவீதம் என்றால் 15 கிராம். பாஸ்பரஸ் 0.1 சதவீதம் என்றால் 1 கிராம். உயிரியல் திறன் 80 சதவீதம், அதாவது 1 கிலோ காய்ந்த வைக்கோலிலிருந்து 800 கிராம் பச்சைக் காளான் அறுவடையாகிறது. மேலே சொன்ன அளவுகோல்படி அந்த 800 கிராம் எடுத்துச்செல்லும் பொட்டாசியம் 3.4 கிராம். இருப்பில் கால் பங்குகூட இல்லை, கவலை வேண்டாம். பாஸ்பரஸோ 0.96 கிராம். வைக்கோலில் இருப்பதே 1 கிராம்தான்!

வித்து, அதாவது படுக்கையில் விதைக்கும் காளான் இழை படர்ந்த தானியம், கொஞ்சம் கைகொடுக்கிறது. ஈர எடையில் 5 சதவீதம் வித்து போட்டால், 1 கிலோ காய்ந்த வைக்கோலுக்குச் சுமார் 165 கிராம். அதிலுள்ள தானியத்தின் காய்ந்த எடை 80 கிராம், பாஸ்பரஸ் சுமார் கால் கிராம். படுக்கைக்குள்ளேயே தங்கிவிடும் இழைகளுக்கும் பாஸ்பரஸ் வேண்டும் என்பதை நினைவில் வைத்தால், இந்தக் கால் கிராமின் அருமை புரியும். வித்தின் அளவை 5இலிருந்து 2 சதவீதமாகக் குறைப்பவர்கள் பரவும் வேகத்தை மட்டும் இழப்பதில்லை, பாஸ்பரஸையும் இழக்கிறார்கள். வைக்கோல் படுக்கையில் முதலில் தீர்ந்துபோகும் தாது இதுதான்.

இனி, வைக்கோலைப் பதப்படுத்தும் முறை. வைக்கோலில் உள்ள பொட்டாசியம் எந்தக் கரிமப் பொருளோடும் இறுகப் பிணைந்திருப்பதில்லை. நீர் பட்டால் கரைந்து வெளியேறிவிடும். 1 கிலோ வைக்கோலை 15 லிட்டர் நீரில் ஊறவைத்து, வேகவைத்து, வடித்தால் வைக்கோலில் தங்கும் நீர் சுமார் 2.3 லிட்டர். பொட்டாசியம் முழுவதும் கரைந்து நீரில் சீராகக் கலந்துவிட்டது என்று வைத்துக்கொண்டால், வைக்கோலில் மிஞ்சுவது 15 கிராமில் 2.3 கிராம். 800 கிராம் காளானுக்குத் தேவையான 3.4 கிராமைவிடக் குறைவு. நடைமுறையில் முழுவதும் கரையாது, நிலைமை இவ்வளவு மோசமாகாது. ஆனாலும், வடிநீர் கட்டங்காபி நிறத்தில் ஓடும்போது அதில் பொட்டாசியமும் சேர்ந்தே ஓடுகிறது என்பதில் சந்தேகம் வேண்டாம்.

வழி இருக்கிறது. வைக்கோலை 3 முதல் 5 சென்டிமீட்டர் துண்டுகளாக வெட்டி, கிலோவுக்கு 2.3 லிட்டர் நீரை மூன்று நான்கு தவணையாகத் தெளித்துப் புரட்டி, தார்ப்பாயால் மூடி ஓர் இரவு விடுங்கள். வடிவதற்கு நீரே இருக்காது. பிறகு ஆவி. குவியலின் நடுவில் வெப்பமானியைச் செருகி, அது 80 டிகிரி செல்சியஸைத் தொட்ட பிறகு ஒரு மணி நேரம் எண்ணுங்கள். ஓரத்து வெப்பத்தைப் பார்த்து அடுப்பை அணைத்தால் நடுவில் பச்சைப் பூசணம் நிச்சயம். ஈரம் சரியா என்று பார்க்க ஒரு கைப்பிடியை இறுக்கிப் பிழியுங்கள்: ஒன்றிரண்டு சொட்டு கசிய வேண்டும், தாரையாக ஒழுகக் கூடாது. சுடுநீர் முறையைத்தான் கையாள முடியும் என்றால் கிலோவுக்கு 15 லிட்டருக்குப் பதில் 7, 8 லிட்டரில் அமுக்கி வையுங்கள். அதுவே இழப்பைப் பெருமளவு குறைக்கும்.

குளிர்ந்த சுண்ணாம்பு நீரில் 18 முதல் 24 மணி நேரம் ஊறவைக்கும் முறையிலும் இதே பொட்டாசிய இழப்பு உண்டு. கூடவே கால்சியம் ஏறும், ஆனால் அது ஊடகத்தோடு சரி. இதற்கு நீர்த்த சுண்ணாம்பு, அதாவது கால்சியம் ஹைட்ராக்சைடுதான் வேண்டும். லிட்டருக்கு 2 கிராம் போதும். சாதாரண வெப்பநிலையில் 1.7 கிராம் அளவுக்கு மேல் கரையாது, மிச்சம் அடியில் தங்கும். மக்னீசியம் மிகுந்த டோலமைட் சுண்ணாம்பு நீரின் காரத்தன்மையை (pH) 12 வரை ஏற்றாது. நோய்க்கிருமிகள் தப்பித்துக்கொள்ளும், பழி வித்தின் மேல் விழும்.

வைக்கோல் வாங்கும்போதே ஒரு சோதனை செய்துவிடலாம். 50 கிராம் வெட்டிய வைக்கோலை அரை லிட்டர் வடித்த நீரில் 2 மணி நேரம் ஊறவைத்து, நீரின் மின்கடத்துதிறனை ஈசி மீட்டரில் பாருங்கள். பளிச்சென்ற மஞ்சள் வைக்கோலின் அளவீடு உயர்ந்திருக்கும். மழையில் நனைந்து சாம்பல் நிறமான வைக்கோலில் கணிசமாகத் தாழும். கரையும் உப்புகளில் பெரும்பங்கு பொட்டாசியமும் குளோரைடும் என்பதால், இரண்டு வண்டி வைக்கோலை ஒப்பிட இந்த அளவீடு போதும். பூசணம் பிடித்திருக்கிறதா என்று மட்டும் பார்த்து வாங்குவதைவிட இது நல்ல அளவுகோல்.

எங்கள் மதிப்பீடு: ஆவியில் வைத்தால் 10க்கு 8. நிறைய நீரில் ஊறவைத்து வடித்தால் 6.

மரத்தூளும் தவிடும்

மரத்தூளில் சாம்பல் பொதுவாக 1 சதவீதத்துக்கும் குறைவு. பொட்டாசியம் 0.1, பாஸ்பரஸ் 0.02 சதவீதம் என்று கொண்டால், 1 கிலோவில் முறையே 1 கிராம், 0.2 கிராம். 600 கிராம் காளானுக்கு வேண்டியதோ 2.5 கிராமும் 0.7 கிராமும். இல்லாததை எங்கிருந்து எடுக்கும்? தனி மரத்தூளில் இழை மெல்லப் பரவி, ஒரு சிறு அறுவடையோடு ஓய்ந்துபோவதற்கு நைட்ரஜன் குறைவு மட்டுமே காரணம் என்று பலர் எழுதுகிறார்கள். பாதி உண்மை. பாஸ்பரஸும் பொட்டாசியமும்கூட அங்கே இல்லை.

தவிடு சேர்த்ததும் படம் மாறிவிடுகிறது. 100 கிராம் கோதுமைத் தவிட்டில் பாஸ்பரஸ் ஏறத்தாழ 1 கிராம், பொட்டாசியம் 1.2 கிராம், மக்னீசியம் 0.6 கிராம், இரும்பு 10 மில்லிகிராமுக்கு மேல், துத்தநாகம் 7 மில்லிகிராம். அரிசித் தவிட்டில் பாஸ்பரஸ் 1.7 கிராமை நெருங்கும், இரும்பு 18 மில்லிகிராம். 800 கிராம் மரத்தூளோடு 200 கிராம் கோதுமைத் தவிடு கலந்தால் மொத்தப் பொட்டாசியம் 3.2 கிராம், பாஸ்பரஸ் 2.2 கிராம். 600 கிராம் காளானுக்குத் தாராளம். தவிட்டிலுள்ள பாஸ்பரஸின் பெரும்பகுதி ஃபைடேட் வடிவில் பூட்டிக் கிடப்பது. இழைகள் சுரக்கும் ஃபைட்டேஸ் நொதி அதை விடுவிக்கிறது.

பாஸ்பரஸ் வேண்டுமென்று சூப்பர் பாஸ்பேட்டையோ ராக் பாஸ்பேட்டையோ கலக்கும் பழக்கத்தைக் கட்டாயம் கைவிட வேண்டும். பாஸ்பேட் பாறைகளில் காட்மியம் கலந்திருப்பது உலகறிந்த விஷயம், சிப்பிக்காளானோ காட்மியத்தைச் சேர்த்துக்கொள்வதில் கெட்டிக்காரன். தவிடு இருக்கும்போது அந்த வம்பு எதற்கு?

அளவு முக்கியம். காய்ந்த எடையில் 10 முதல் 20 சதவீதம் தவிடு. 20ஐத் தாண்டினால் பையின் நடுவில் கிருமி நீக்கம் கடினமாகிறது, பாக்டீரியா புளிப்பு ஏறுகிறது, மொட்டு விடுவது தள்ளிப்போகிறது. ஈரம் 60 முதல் 65 சதவீதம். 2 கிலோ பைக்கு 121 டிகிரியில், 15 பவுண்டு அழுத்தத்தில் 2 முதல் 2.5 மணி நேரம். அழுத்தக்கலன் இல்லையென்றால் தவிடு கலந்த மரத்தூள் பக்கமே போக வேண்டாம். வெறும் ஆவியில் சில மணி நேரம் வைத்த தவிட்டுப் பையில் வெப்பம் தாங்கும் பாக்டீரியா வித்துகள் பிழைத்துக்கொள்ளும். நான்காம் நாள் பையைத் திறந்தால் புளித்த மாவு வாடை அடிக்கும்.

வைக்கோலிலும் தவிடு சேர்க்கலாமே என்றால், சேர்க்கலாம், ஆனால் 3 முதல் 5 சதவீதத்தோடு நிறுத்த வேண்டும். வைக்கோலை நாம் வெறுமனே பாஸ்டர் முறையில் வேகவைக்கிறோம், முழுக்கக் கிருமி நீக்குவதில்லை. அதிகத் தவிடு பச்சைப் பூசணத்துக்கு விருந்து. போதாதற்குப் படுக்கை உள்ளுக்குள் சூடேறும். நடுப்பகுதி 35 டிகிரியைத் தாண்டினால் சிப்பிக்காளான் இழை திணறத் தொடங்கும், 40இல் சாகும்.

மரத்தூள் எந்த மரத்தினுடையது என்பதைவிட, எந்தப் பட்டறையிலிருந்து வந்தது என்பதே பெரிய கேள்வி. செம்பு, குரோமியம், ஆர்சனிக் கலந்த மருந்தூட்டிய பலகை, வண்ணம் பூசிய பழைய மரம், பசை கலந்த துகள்பலகை ஆகியவற்றின் தூள் ஒரு கைப்பிடி கலந்தாலும் அந்தக் குவியல் வேண்டாம். கண்ணுக்குத் தெரியாது, வாசனையும் வராது. அறுக்கும் இடத்தில் என்னென்ன அறுக்கிறார்கள் என்று நேரில் பார்ப்பது ஒன்றே வழி.

கிருமி நீக்கத்துக்கான வசதி உள்ளவர்களுக்கு, தவிடு சேர்த்த மரத்தூள்: 10க்கு 9. தவிடு இல்லாமல்: 3. சம எடையில் மரத்தூளும் சோயாத் தோலும் கலக்கும் முறையும் இதே வரிசையில் நிற்கிறது. சோயாத் தோலில் இரும்பு கிலோவுக்குப் பல நூறு மில்லிகிராம், பொட்டாசியமும் 1 சதவீதத்துக்கு மேல். விளைச்சலில் இதை மிஞ்சுவது கடினம்.

மற்றவை

பருத்திக்கொட்டை உமி: பொட்டாசியம் 1 சதவீத அளவில், விளைச்சல் வைக்கோலைவிடக் கூடுதல். நூற்பாலைப் பஞ்சுக் கழிவு வேறு, கொட்டை உமி வேறு. பஞ்சுக் கழிவு நனைந்ததும் அமுங்கிக் கட்டியாகி, காற்றோட்டம் போய், உள்ளே அழுகும். அதனுடன் மூன்றில் ஒரு பங்கு வைக்கோல் கலப்பது நல்லது. பருத்தி என்றாலே பூச்சிமருந்து எச்சம் பற்றிய கேள்வி வரும், அதைக் கேட்டுத்தான் ஆக வேண்டும். 10க்கு 8.

கோதுமை வைக்கோல்: சாம்பல் நெல் வைக்கோலின் பாதிகூட இராது, ஏனென்றால் சிலிக்கா குறைவு. பொட்டாசியம் ஏறத்தாழ அதே அளவு. பாஸ்பரஸ் சற்றே குறைவு. சாம்பல் குறைந்ததால் தாதுச்சத்து குறைந்த காளான் வரும் என்று நினைப்பது தவறு. 10க்கு 7.

மக்காச்சோளக் கதிர்க்கட்டை: பொட்டாசியம் 0.9 சதவீதம் அளவில், ஆனால் பாஸ்பரஸ் 0.04 சதவீதம்தான். தவிடு இல்லாமல் இரண்டாம் அறுவடையை எதிர்பார்க்க வேண்டாம். உடைக்காத கட்டையின் உட்பகுதி ஈரம் வாங்காது, வெப்பமும் போகாது. 1 சென்டிமீட்டருக்கும் சிறிதாக நொறுக்க வேண்டும். 10க்கு 6.

கரும்புச் சக்கை: சாறு பிழியும்போதே கரையும் தாதுக்கள் சாறோடு போய்விடுகின்றன. மிஞ்சிய சர்க்கரையோ பூசணங்களை அழைக்கிறது. சர்க்கரையைப் போக்கக் கழுவினால் எஞ்சிய பொட்டாசியமும் போகும். தனியே 10க்கு 4. வைக்கோலோடு பாதிக்குப் பாதி என்றால் பரவாயில்லை.

காபித்தூள் கழிவு: நைட்ரஜன் 2 சதவீதத்தையொட்டி, எனவே இழை ஆவலாகப் பிடிக்கும். பொட்டாசியத்தில் பெரும்பங்கு டிகாக்‌ஷனோடு இறங்கிவிட்டது. துகள் மிக நைசு, அடைத்துக்கொள்ளும். வடித்த அன்றே பயன்படுத்தி, மொத்தத்தில் 20, 30 சதவீதத்துக்கு மேல் போகாமல் வைக்கோலில் கலந்தால் நல்ல துணை. நேற்றையது என்றால் குப்பைக்குழிக்கு.

வாழைத் தண்டு, மட்டை: காய்ந்த எடையில் பொட்டாசியம் 3 சதவீதத்தைத் தாண்டும். இந்தப் பட்டியலில் இதுவே உச்சம். ஆனால் மேலே சொன்னதுபோல் காளான் வேண்டிய அளவோடு நிறுத்திக்கொள்ளும், மிகுதி படுக்கையில் கிடக்கும். அதனால் இதைத் தனியே பயன்படுத்துவதில் லாபமில்லை. நீரில் கழுவப்பட்ட வைக்கோலோடு ஐந்தில் ஒரு பங்கு சேர்த்தால் இழந்ததை ஈடுகட்டும். நன்றாகக் காயாத தண்டு அழுகி நாறும்.

தென்னை நார்க்கழிவு: கழுவாததில் சோடியமும் குளோரைடும் மிகுதி. லிக்னின் அதிகம், இழை மெதுவாகவே பிடிக்கும். ஈரம் பிடித்துவைக்க 10 சதவீதம் போதும், அதற்கு மேல் பரிந்துரைக்க மாட்டோம்.

ஆகாயத்தாமரை குறித்துத் தனியாக எச்சரிக்க வேண்டியிருக்கிறது. இலவசமாகக் கிடைக்கிறது, பொட்டாசியம் நிறைந்தது, காளானும் நன்றாகவே வரும். ஆனால் அந்தச் செடி நீரிலுள்ள காட்மியம், ஈயம் போன்றவற்றை உறிஞ்சித் தன்னிடம் சேர்க்கும். கழிவுநீர் கலக்கும் குளத்தில் அள்ளிய செடியிலிருந்து காட்மியம் நேராகக் காளானுக்கு வந்து சேரும். ஐரோப்பிய ஒன்றியம் சிப்பிக்காளானுக்கு வைத்திருக்கும் காட்மிய உச்சவரம்பு ஈர எடையில் கிலோவுக்கு 0.15 மில்லிகிராம். குளத்தின் நீரையும் செடியையும் சோதிக்காமல் இதைப் பயன்படுத்தி விற்பது சரியல்ல. ஆர்சனிக் கலந்த நிலத்தடி நீரில் விளைந்த நெல்லின் வைக்கோலுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். ஆர்சனிக் தானியத்தைவிட வைக்கோலில்தான் அதிகம் தங்குகிறது.

கலப்புப் பொருட்கள்

ஜிப்சம் 1 முதல் 2 சதவீதம் சேர்ப்பது நல்லது. துகள்கள் ஒட்டாமல் பிரிந்திருக்கும், கந்தகம் கிடைக்கும், புளிப்பு சட்டென்று ஏறாது. கால்சியத்துக்காகச் சேர்க்கிறோம் என்று மட்டும் நினைக்க வேண்டாம். மரச்சாம்பல் தேவையில்லை, காரத்தன்மையை எகிறவைக்கும், எந்த மரம் எரிந்ததோ அதன் உலோகங்களும் கூடவே வரும்.

செலினியம் ஊட்டிய காளான் என்று ஒரு பொருள் இப்போது பேசப்படுகிறது. ஊடகத்தில் சோடியம் செலினைட் சேர்த்தால் சிப்பிக்காளான் அதைப் பன்மடங்கு சேர்த்துக்கொள்வது உண்மை, ஆய்வுகளில் திரும்பத் திரும்பக் காணப்பட்டது. ஆனால் வயது வந்தவருக்கு ஒரு நாளைக்குப் போதுமான செலினியம் சுமார் 55 மைக்ரோகிராம். 400 மைக்ரோகிராமுக்கு மேல் தொடர்ந்து உண்டால் முடி கொட்டலாம், நகம் உடையலாம். இந்த இடைவெளி மிகக் குறுகியது. சோடியம் செலினைட்டே நச்சு. மில்லிகிராம் துல்லியத் தராசும், ஒவ்வொரு தொகுதிக்கும் ஆய்வகச் சோதனையும் இல்லாமல் இதில் இறங்குவது உண்பவரின் உடலோடு விளையாடுவது. இரும்பு சல்பேட், துத்தநாக சல்பேட் கலப்பது அந்த அளவு ஆபத்தில்லை, ஆனால் அளவு மிஞ்சினால் இழையின் வளர்ச்சி தடைப்படும்.

ஆய்வக அறிக்கையை நம்புவதற்கு முன்

இரண்டு ஊடகங்களை ஒப்பிடும் அறிக்கையில் முதலில் பார்க்க வேண்டியது, எண்கள் ஈர எடையிலா காய்ந்த எடையிலா என்பது. காய்ந்த எடையில் 3.5 சதவீதம் பொட்டாசியம் உள்ள ஒரே காளான், 88 சதவீத ஈரத்தில் பறித்தால் 100 கிராமுக்கு 420 மில்லிகிராம் காட்டும். 92 சதவீத ஈரத்தில் பறித்தால் 280. பறிப்பதற்கு முன் நீர் தெளித்தவரின் காளான் ஏழையாகத் தெரியும். ஊடகத்துக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. ஒப்பிடுவதென்றால் காய்ந்த எடைதான், அதுவும் 60, 65 டிகிரியில் எடை மாறாதவரை உலர்த்தியது.

அடுத்து, மாதிரி எடுத்த விதம். குடையில் தாதுக்கள் பெரும்பாலும் தண்டைவிட அதிகம். ஒன்றில் முழுக்கொத்தும் இன்னொன்றில் குடை மட்டும் அனுப்பியிருந்தால் ஒப்பீடு செல்லாது. முதல் அறுவடையை முதல் அறுவடையோடுதான் வைக்க வேண்டும். தண்டின் அடியில் ஒட்டிய வைக்கோலைக் கத்தியால் சீவி நீக்காவிட்டால் கால்சியம், இரும்பு, மாங்கனீஸ் மூன்றும் பொய்யாக உயரும். கடினநீரைத் தெளித்தால் குடையின் மேல் வெள்ளைப் புள்ளிகள் படியும். அதுவும் அறிக்கையில் கால்சியமாகவே வந்து உட்காரும். வடித்த நீரில் ஒரு முறை சட்டென்று அலசி, ஒற்றி எடுத்து அனுப்புங்கள்.

இரும்பின் அளவு மட்டும் திடீரென்று மூன்று நான்கு மடங்கு இருந்தால் மகிழ்வதற்கு முன் அலுமினியத்தையும் அளக்கச் சொல்லுங்கள். இரண்டும் சேர்ந்து உயர்ந்திருந்தால் அது மண்தூசு. எஃகுக் கத்தி கொண்ட மிக்சியில் அரைத்தாலும் இரும்பும் குரோமியமும் ஏறும். பீங்கான் உரலில் பொடிப்பது பாதுகாப்பு.

550 டிகிரியில் சாம்பலாக்கும் முறை பொட்டாசியம், பாஸ்பரஸ், கால்சியத்துக்குச் சரிவரும். செலினியம், ஆர்சனிக், பாதரசம் அந்த வெப்பத்தில் ஆவியாகித் தப்பிவிடும். அவற்றுக்கு மூடிய கலனில் நைட்ரிக் அமிலத்தோடு மைக்ரோவேவில் கரைத்து, தனிமங்களை அளக்கும் ஐசிபி கருவியில் அளந்த எண்ணைத்தான் ஏற்க வேண்டும். சுடரில் அணு உறிஞ்சல் முறையில் கால்சியம் அளந்திருந்தால், லாந்தனம் சேர்த்தார்களா என்று கேளுங்கள். காளானில் பாஸ்பரஸ் மிகுதி, அது கால்சியத்தைக் கட்டிப்போட்டு எண்ணைக் குறைத்துக் காட்டும்.

கழிந்த படுக்கையைச் சோதிப்பவர்கள் குழம்பும் இடமும் ஒன்று உண்டு. 1 கிலோ வைக்கோலில் 150 கிராம் சாம்பல் இருந்தது, அறுவடைகள் முடிந்தபின் காய்ந்த எடை 600 கிராமாகக் குறைந்தது என்று வைப்போம். காளான் எடுத்துக்கொண்டது போக இன்னமும் 145 கிராம் சாம்பல் இருந்தால், சதவீதம் 15இலிருந்து 24ஆக ஏறியிருக்கும். தாது கூடவில்லை, கரிமப்பொருள் கரியமில வாயுவாகப் போனதால் மிஞ்சியது அடர்ந்திருக்கிறது. அந்த 24 சதவீதத்தைப் பார்த்துவிட்டுப் பழைய படுக்கையைப் புதுப் படுக்கையில் பாதிக்குப் பாதி கலப்பவர்கள், பாஸ்பரஸ் தீர்ந்துபோன வைக்கோலைத்தான் மறுபடியும் நிரப்புகிறார்கள். உரக்குழிக்கு அது அருமையான பொருள். மீண்டும் காளான் போடுவதென்றால் 20 சதவீதத்துக்கு மேல் கலக்காமல், 5 சதவீதத் தவிடும் சேர்த்து, மறுபடி ஆவியில் வைத்த பிறகே போட வேண்டும்.